ஹேண்ட் பிரேக் பிடிக்கலையா? முதலில் ஷூவைப் பாருங்க!



அம்பாசடர், மாருதி 800 இரண்டும் 2014-ல் தயாரிப்பு நின்றுவிட்டன. 1984-ல் வந்த ஆம்னி வேன் 2019-ல் நின்றது. கம்பெனி நிறுத்தினாலும் நம்ம பக்கம் இந்த வண்டிகள் இன்னும் ஓடிக்கிட்டுதான் இருக்கு. எங்க அப்பா சவாரிக்கு ஓட்டுவதும் ஒரு பழைய ஆம்னிதான். இந்த வண்டிகளில் நிறைய பேர் கவனிக்காத ஒரு பாகத்தைப் பற்றி எழுதுகிறேன். "இது பொண்ணுங்க எழுதுற விஷயமா?" என்று கேட்கிறவங்க முழுசா படிச்சிட்டுக் கேளுங்க.

ஹேண்ட் பிரேக் எப்படி வேலை செய்கிறது?

டிரைவர் கையால் இழுக்கும் பிடி ஒரு நெம்புகோல். அதை இழுத்தால் வண்டிக்கு அடியில் போகும் கேபிள் இழுபடும். பின் சக்கரம் ஒவ்வொன்றிலும் சட்டி மாதிரி ஒரு இரும்பு டிரம் இருக்கும். அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். டிரம்முக்கு உள்ளே பிறை நிலா வடிவத்தில் இரண்டு ஷூ இருக்கும். அவை சுற்றாது. ஷூவின் வெளிப்பக்கம் ஒட்டியிருப்பதுதான் லைனிங்.

கேபிள் இழுபட்டதும் உள்ளே இருக்கும் சின்ன நெம்புகோல் ஷூ இரண்டையும் விரிக்கும். லைனிங் டிரம்மை உள்ளேயிருந்து அழுத்திப் பிடிக்கும். நாம் பாடத்தில் படித்த உராய்வு விசைதான் வண்டியை நிறுத்தி வைக்கிறது.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். காலால் பிரேக் மிதிக்கும்போது பிரேக் ஆயிலின் அழுத்தம் விரிப்பதும் அதே ஷூவைத்தான். வழி ரெண்டு, ஷூ ஒண்ணு. ஆயில் ஒழுகி கால் பிரேக் போனால்கூட ஹேண்ட் பிரேக் கேபிள் மூலமா வேலை செய்யும். ஆனா ஷூ கெட்டுப்போனால் பின் சக்கரத்துக்கு ரெண்டு பிரேக்கும் போச்சு.

என்னென்ன கோளாறு வரும்?

1. லைனிங் தேய்வது: பிடி ரொம்ப மேலே வரும், ஆனா வண்டி நிற்காது.
2. லைனிங்கில் ஆயில் படுவது: வீல் சிலிண்டர் வாஷரோ ஆக்சில் ஆயில் சீலோ கசிந்தால் லைனிங் ஊறிப்போய் வழுக்கும். ஊறின லைனிங்கைத் துடைத்துப் பிரயோஜனம் இல்லை, மாற்றத்தான் வேண்டும்.
3. கேபிள் துருப்பிடித்து இறுகுவது: பிடியை இறக்கினாலும் ஷூ சுருங்காது. வண்டி இழுவையா போகும், டிரம் சூடாகும், கருகின வாசம் வரும், பெட்ரோலும் அதிகம் குடிக்கும்.
4. ஸ்பிரிங் தளர்வது அல்லது உடைவது: இதிலும் ஷூ பழைய இடத்துக்குத் திரும்பாது.
5. ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்வது: மழையில் நனைந்த வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு பல நாள் நிறுத்தினால், துருப்பிடித்துப் பிடித்துக்கொள்ளும்.

கேபிளை மட்டும் இறுக்கலாமா?

பிடி மேலே வந்ததும் பல பேர் கேபிளைத்தான் இறுக்குவாங்க. பத்து நிமிஷ வேலை, செலவும் கம்மி. பிடியும் பழையபடி கீழேயே நிற்கும். சரியாயிடுச்சுன்னு தோணும். ஆனா உள்ளே தேய்ந்த ஷூ அப்படியேதான் இருக்கு. லைனிங் முழுக்கத் தேய்ந்ததும் இரும்பு டிரம்மை உரசி, கோடு கோடாப் பள்ளம் போடும். ஷூ செலவோடு டிரம் செலவும் சேரும்.

எங்க ஆம்னிக்கும் ஒரு பட்டறையில் இப்படித்தான் கேபிளை இறுக்கிக் கொடுத்தாங்க. மறுவாரம் கொல்லிமலைச் சவாரி. அந்த மலைப்பாதையில் 70 கொண்டை ஊசி வளைவு. மேலே சரிவில் ஆளுங்களை இறக்கிவிட்டு நிறுத்தினப்ப வண்டி மெதுவா பின்னால் நகர்ந்தது. அப்பா எப்பவும் போல சக்கரத்துக்குக் கல் அண்டக் குடுத்திருந்ததால் நின்றது. பின்னால் ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தாங்களாம். ஊருக்கு வந்து வேற மெக்கானிக் டிரம்மைக் கழட்டினார். ஒரு பக்கம் லைனிங் இரும்பு தெரிகிற அளவு தேய்ந்திருந்தது. இன்னொரு பக்கம் ஆயிலில் ஊறியிருந்தது. வேலை முடிய ஒரு நாள் சவாரி போச்சு. அப்பா அதைப் பெரிசா எடுத்துக்கலை.

எப்படிச் சரி செய்தார்கள்? (கூட இருந்து பார்த்தது)

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார்கள். பின் சக்கரத்தைத் தூக்கிய பிறகு ஹேண்ட் பிரேக் வண்டியைப் பிடிக்காது.
2. ஹேண்ட் பிரேக்கை முழுசா இறக்கினார்கள். இல்லாவிட்டால் ஷூ விரிந்தே இருக்கும், டிரம் வராது.
3. ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்தார்கள். ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது.
4. ஒரு சக்கரத்தை முடித்த பிறகுதான் அடுத்ததைப் பிரித்தார்கள். ஸ்பிரிங் மாட்டும் முறை மறந்தால் அந்தப் பக்கம் பார்த்துக்கொள்ளலாம். இடம் வலம் மட்டும் மாறியிருக்கும்.
5. முதலில் ஆயில் கசிவை நிறுத்தினார்கள். இல்லையென்றால் புது ஷூவும் ஊறிவிடும்.
6. இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்தே ஷூ மாற்றினார்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் ஒரு சக்கரம் அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் பிடிக்கும்.
7. டிரம்மை மாட்டி, முதலில் ஷூவைச் சரிக்கட்டினார்கள். கடைசியில்தான் கேபிள். பிடியை இறக்கினால் இரண்டு சக்கரமும் தடையில்லாமல் சுற்ற வேண்டும்.

எச்சரிக்கை: டிரம்முக்குள் இருக்கும் கறுப்புத் தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதாதீங்க. பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலைக் கெடுக்கும். மூக்கை மூடிக்கொண்டு ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

நாமே பார்க்கக்கூடியவை

● பிடியை இழுக்கும்போது வரும் 'டிக்' சத்தத்தை எண்ணுங்க. வண்டிக்கு வண்டி மாறும், பொதுவா 4 முதல் 8-க்குள் இறுகிப் பிடிக்கணும். அதற்கு மேல் போனால் மெக்கானிக்கிடம் "ஷூவைக் கழட்டிப் பாருங்க" என்றே சொல்லுங்க.
● ஓடி வந்ததும் பின் சக்கரங்களின் அருகில் கையைக் கொண்டுபோங்க. தொடாதீங்க. ஒன்று மட்டும் அதிகமா அனல் அடித்தால் ஷூ உரசுகிறது.
● சரிவில் நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கோடு கியரும் போடணும். ஏற்றம் பார்த்து நின்றால் முதல் கியர், இறக்கம் பார்த்து நின்றால் ரிவர்ஸ். கல்லும் வைக்கணும். கிளம்பும்போது கல்லை ஓரமா எடுத்துப் போடணும். ரோட்டில் கிடந்தால் பைக்கில் வருகிறவங்க விழுவாங்க.

நம்ம தெருவில் நிற்கும் வண்டிக்குப் பின்னால்தான் சின்னப் பசங்க கோலி விளையாடுறாங்க. அதனால் வீட்டில் பழைய கார் இருப்பவர்கள் இன்று சாயங்காலம் பெரியவங்களைக் கூட வைத்துக்கொண்டு 'டிக்' எத்தனை என்று எண்ணிப் பாருங்க. துண்டுச் சீட்டில் வண்டிப் பெயரும் எண்ணிக்கையும் எழுதி எங்க வகுப்பில் கொடுத்தால், அடுத்த சுவர் இதழில் பட்டியலாகப் போடுவோம்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி