உதவப் போகும்போது கத்தி எதற்கு?

மல்லசமுத்திரத்தில் ஒரு விடியற்காலை. வாக்கிங் கிளம்பும் கணவரிடம், "ஏனுங்க, இருட்டுல போறீங்க... அந்தப் பேனாக்கத்திய எடுத்துக்குங்க" என்கிறார் மனைவி. பையில் வாழைப்பழமும் தண்ணீரும் இருக்கின்றன. ரோட்டோரம் படுத்திருக்கும் ஆதரவற்ற பெரியவருக்குத்தான்!

நல்ல மனசு. ஆனால் கத்தி வேண்டாம். காலில் இறுகிய கயிற்றை அறுக்க உதவுமே என்று தோன்றும். பலமுறை விரட்டப்பட்டு மனம் கலங்கியவர் முன் அதை விரித்தால், குத்த வருவதாகவே நினைப்பார். கைகலப்பு வந்தால் கத்தி யார் கைக்குப் போகுமோ!

பின் எப்படி உதவுவது?

நாலடி தள்ளி, அவர் கண்ணில் படும்படி நின்று, "ஐயா, சாப்ட்டீங்களாங்க?" என்று கேளுங்கள். பல நாள் பட்டினி என்றால் கொஞ்சம் கொஞ்சமாகவே கொடுங்கள். அரைமயக்கத்தில் இருந்தால் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள். புரையேறி மூச்சு அடைத்துவிடும். புழு வைத்த புண்ணை நீங்களே கிளறாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

மனநோயோடு திரிபவர் என்று தோன்றுகிறதா? போலீஸில் சொல்லுங்கள். 2017-ம் வருட மனநலச் சட்டப்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத அப்படிப்பட்டவரை அவர்கள் 24 மணி நேரத்துக்குள் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

1993-ல் சென்னைத் தெருவில் மனம் கலங்கி நின்ற ஒரு பெண்ணுக்கு உதவப் போனார்கள் வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயக்குமாரும். அதிலிருந்து பிறந்ததுதான் 'பேனியன்' இல்லம். அவர்களுக்குத் தேவைப்பட்டது கத்தியல்ல, பொறுமை!

நாளைக்குக் கத்தி அடுக்களையிலேயே இருக்கட்டும். பழத்தை மட்டும் மறந்துவிடாதீர்கள்.