நாட் கிவன்: பாசேஜில் இல்லாத பதில்

வெளிநாட்டில் மேற்படிப்புக்கோ நர்ஸ் வேலைக்கோ போக நினைப்பவர்களில் பலர் எழுதுவது ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வு. அதில் பேசுவதற்கும் எழுதுவதற்கும் பயந்து பயந்து தயாராகிறவர்கள்கூட, 'ரீடிங்தானே, படித்தால் புரிந்துவிடும்' என்று அந்தத் தாளைக் கடைசிக்குத் தள்ளிவிடுகிறார்கள். நல்ல ஆங்கிலம் தெரிந்தவர்களும் அதில் இடறுகிறார்கள். அந்தத் தாளில் மொழியறிவோடு வேறொரு பழக்கமும் தேவைப்படுகிறது. சொன்னது எது, சொல்லாதது எது என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் அது.

1989-இல் தொடங்கிய இந்தத் தேர்வு பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமைப்புகளுக்கும் சொந்தமானது. அகாடமிக் பிரிவின் ரீடிங் தாளில் மூன்று நீண்ட பாசேஜ்கள் இருக்கும். மூன்றும் சேர்ந்து 2,150 முதல் 2,750 சொற்கள் வரும். 40 கேள்விகள், 60 நிமிடம். காகிதத்தில் எழுதும் தேர்வில், லிஸனிங் முடிந்ததும் விடைகளை எடுத்தெழுதப் பத்து நிமிடம் தனியாகத் தருவார்கள். ரீடிங்கில் அந்தச் சலுகை கிடையாது.

கேள்வி எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும். கேள்வி தயாரிப்பவர் பாசேஜில் ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்கிறார். அதன் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு சொற்களை மாற்றி எழுதுகிறார். பாசேஜில் இருக்கும் அதே சொற்களைத் தவறான விடைக்குள் வைப்பதும் உண்டு. 'கேள்வியில் உள்ள முக்கியமான சொல்லைப் பாசேஜில் தேடு, கிடைத்த இடத்தில் விடை இருக்கும்' என்ற கோச்சிங் சென்டர் யோசனை பாதி வழியில் கைவிடுவது இதனால்தான். ஆண்டு, ஊர்ப் பெயர், ஆள் பெயர் போன்றவற்றை மாற்ற முடியாது. அவற்றைத் தேடி இடத்தைக் கண்டுபிடிக்கலாம். இடம் கிடைத்த பிறகு அந்த வாக்கியத்தையும் அதற்கு முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் நிதானமாகப் படித்தே ஆகவேண்டும்.

பலரையும் கவிழ்க்கும் கேள்வி வகை 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்'. கொடுத்த கூற்றைப் பாசேஜ் சொன்னால் ட்ரூ, மறுத்தால் ஃபால்ஸ், இரண்டும் இல்லை என்றால் நாட் கிவன். தமிழிலேயே ஒரு சிறிய பாசேஜ் எழுதிப் பார்ப்போம்:

'பாம்பன் ரயில் பாலம் 1914-இல் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது. கப்பல்கள் கடந்து செல்ல வசதியாக, அதன் நடுப்பகுதியைத் திறந்து மூடும்படி அமைத்திருந்தார்கள். 1964 டிசம்பரில் வீசிய புயலில் பாலம் பலத்த சேதமடைந்தது. 46 நாட்களில் அது சீரமைக்கப்பட்டது.'

இப்போது நான்கு கூற்றுகள். முதலாவது: 'கடல் போக்குவரத்துக்கும் இடம் விட்டே பாலம் கட்டப்பட்டது.' இது ட்ரூ. கூற்றில் கப்பல் என்ற சொல்லும் இல்லை, திறந்து மூடுவது என்ற பேச்சும் இல்லை. ஆனால் பொருள் அதேதான். இரண்டாவது: '1914-க்கு முன் ராமேஸ்வரத்துக்குப் படகில்தான் போக முடிந்தது.' மூன்றாவது: 'அந்தப் புயலில் ஒரு பயணிகள் ரயில் கடலில் அடித்துச் செல்லப்பட்டது.' நான்காவது: 'பாலத்தைச் சரிசெய்ய மூன்று மாதங்களுக்கு மேல் ஆனது.' இது ஃபால்ஸ். 46 நாட்கள் என்ற வரி அதை நேரடியாக மறுக்கிறது.

இரண்டாவதிலும் மூன்றாவதிலும்தான் சிக்கல். மூன்றாவதில் வரும் தனுஷ்கோடி ரயிலின் கதை தமிழ்நாட்டில் தெரியாதவர் யார்? அது உண்மையில் நடந்ததுதான். ஆனால் மேலே உள்ள நான்கு வாக்கியங்களில் அது எங்கேயும் இல்லை. எனவே விடை நாட் கிவன். படகு விஷயமும் அப்படியே. பாலம் இல்லாதபோது வேறு எப்படிப் போயிருப்பார்கள் என்று நம் மனம் தானாகவே கணக்குப் போடுகிறது. கணக்குச் சரியாகவே இருக்கட்டும், அதைப் பாசேஜ் சொல்லவில்லை. நிறைய விஷயம் தெரிந்தவர்களும் வேகமாக யோசிப்பவர்களும் இந்த இடத்தில் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

ஃபால்ஸுக்கும் நாட் கிவனுக்கும் நடுவே தடுமாறினால், உங்களை நீங்களே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: 'இந்தக் கூற்று தவறு என்று காட்ட, பாசேஜில் எந்த வரியின்மேல் விரல் வைப்பேன்?' வைக்க ஒரு வரி இருந்தால் ஃபால்ஸ். இல்லாவிட்டால் நாட் கிவன். இந்த வகைக் கேள்விகள் பாசேஜின் வரிசையிலேயே வரும் என்பதும் பெரிய உதவி. இரண்டாம் கேள்விக்கும் நான்காம் கேள்விக்கும் இடம் தெரிந்துவிட்டால், மூன்றாவதற்கு அந்த இரண்டுக்கும் நடுவில் தேடினால் போதும். அங்கே இல்லை என்றால் பாசேஜ் முழுவதையும் மறுபடி அலசி நேரத்தை விடவேண்டாம்.

பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் கேள்வி வேறு ரகம். அதில் பத்திகளைவிடத் தலைப்புகள் அதிகமாகக் கொடுக்கப்பட்டிருக்கும். பத்தியில் போகிற போக்கில் வரும் ஓர் உதாரணத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு தலைப்பு நிற்கும். பத்தி முழுவதும் எதைச் சொல்கிறதோ அதைத்தான் எடுக்கவேண்டும். 'ஆனால்', 'இருந்தாலும்' என்று பத்தி திரும்பும் இடத்துக்குப் பின்னால்தான் பெரும்பாலும் சாரம் இருக்கிறது.

வேகவாசிப்புப் பயிற்சியை நம்பிப் பணம் கட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். படிக்கும்போது கண் வரிமேல் வழுக்கிக்கொண்டு போவதில்லை. குதித்துக் குதித்து, ஒவ்வோர் இடத்திலும் சுமார் கால் நொடி நின்றுதான் நகர்கிறது. அப்படி நிற்கும்போது தெளிவாகத் தெரிவது சில எழுத்துகள் மட்டுமே. ஒரே பார்வையில் பக்கம் முழுவதையும் படித்துப் புரிந்துகொள்வது கண்ணின் அமைப்புக்கே ஒத்துவராது. ஒவ்வொரு பத்தியின் முதல் வாக்கியத்தையும் படித்து எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வது, பிறகு கேள்வி காட்டும் இடத்தில் மட்டும் மெதுவாகப் படிப்பது. வேகம் என்று உண்மையில் இருப்பது இவ்வளவுதான்.

கோடிட்ட இடத்தை நிரப்பும்போது 'இரண்டு சொற்களுக்கு மேல் வேண்டாம்' என்றால், மூன்றாவது சொல் எழுதியவருக்கு விடை சரியாக இருந்தாலும் மதிப்பெண் இல்லை. எழுத்துப்பிழைக்கும் அதே கதி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால் எதையும் காலியாக விடக்கூடாது. அகாடமிக் பிரிவில் 40-க்கு ஏறத்தாழ 30 சரியாக இருந்தால் பேண்ட் 7 என்ற மதிப்பீடு கிடைக்கும். அதே 7-க்கு ஜெனரல் டிரெய்னிங் என்ற மற்றொரு பிரிவில் சுமார் 34 தேவை.

கேம்பிரிட்ஜ் வெளியிடும் பயிற்சித் தாள்கள் புத்தகமாகவே கிடைக்கின்றன. தினமும் ஒரு தாள் முடித்து மதிப்பெண்ணைக் கூட்டிவிட்டு மூடிவைப்பதில் பெரிய பயன் இல்லை. ஒரே ஒரு பாசேஜை 20 நிமிடத்தில் முடியுங்கள். பிறகு நேரம் பார்க்காமல் உட்கார்ந்து, ஒவ்வொரு விடைக்கும் ஆதாரமான வரியைப் பென்சிலால் கோடிடுங்கள். சரியாக எழுதியவற்றுக்கும் சேர்த்துத்தான்.