விட விரும்பும் தொழிலை விட முடிகிறதா?

புதுதில்லி:

பிடிக்காத வேலையில் காலம் தள்ளுவதைவிட மனத்துக்கு இசைந்த தொழிலைத் தேடிக்கொள்வதே நலம் என்பது படித்த இளைஞர்களுக்கு வழக்கமாகக் கூறப்படும் அறிவுரை. பிறந்த சாதியே வேலையை முடிவு செய்துவிட்ட ஒருவருக்கு இந்த அறிவுரையால் என்ன பயன்? ராஜஸ்தானின் அல்வர் நகரம் இக்கேள்விக்கு ஒரு விடையை வைத்திருக்கிறது. முழுமையான விடை அல்ல என்றாலும், தில்லியில் தீட்டப்படும் திட்டங்களுக்கு அதில் பாடம் உண்டு.

அல்வரின் உலர் கழிப்பிடங்களில் மலம் அள்ளிச் சுமக்கும் வேலை, தலைமுறை தலைமுறையாகத் தலித் பெண்களின் தலையில் விழுந்திருந்தது. பத்மஸ்ரீ விருது பெற்ற உஷா சௌமர் ஏழு வயதில் தாயுடன் இவ்வேலைக்குச் செல்லத் தொடங்கியவர். பத்து வயதில் திருமணம். புகுந்த வீடான அல்வருக்கு வந்த பின்னரும் அதே கூடை, அதே துடைப்பம். கூலியாகக் கிடைத்தது மாதம் சில நூறு ரூபாய். மிஞ்சிய உணவைத் தந்த வீட்டார்கூட அதைக் கையில் படாமல் தூரத்திலிருந்து போட்டார்கள். வேலை பிடித்திருக்கிறதா என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. வேறு வேலை தருவாரும் இல்லை. அவர் கைபட்ட பொருளை வாங்குவாரும் இல்லை.

2003-ம் ஆண்டு, 'சுலப் இன்டர்நேஷனல்' நிறுவனர் பிந்தேஷ்வர் பாடக் அல்வரில் 'நயி திஷா' என்ற மையத்தைத் தொடங்கினார். 'புதிய திசை' என்று பொருள். அப்பளம், ஊறுகாய், சேமியா தயாரிப்பதும் தையலும் அங்கே கற்றுத்தரப்பட்டன. கற்றுத்தந்த தொழிலைவிடக் கவனிக்க வேண்டியது அதைக் கற்றுத்தந்த முறை. பயிற்சிக் காலத்திலேயே பெண்களுக்கு மாதந்தோறும் உதவித்தொகை அளிக்கப்பட்டது. வெறுக்கும் வேலையாயினும் அதை விட்டுவிட்டால் அன்று மாலை அடுப்பு எரியாது. புதிய தொழில் சோறு போடத் தொடங்கும் வரையிலான அந்த இடைவெளியைக் கடப்பதற்கு இந்தத் தொகை உதவியது. பல மறுவாழ்வுத் திட்டங்கள் கவிழ்ந்து போவது இந்த இடைவெளியில்தான்.

ஒருகாலத்தில் தம்மைத் தொட மறுத்தவர்களே பின்னர் தாங்கள் செய்த அப்பளத்தையும் ஊறுகாயையும் வாங்கினர் என்று உஷா பலமுறை கூறியுள்ளார். 2008-ல் ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசத் துப்புரவு ஆண்டைக் கடைப்பிடித்தபோது, அல்வர் பெண்கள் நீலச் சேலையணிந்து நியூயார்க் சென்று வந்தனர். உஷாவுக்குப் பத்மஸ்ரீ விருது 2020-ல் அறிவிக்கப்பட்டது.

அப்பளம் இடுவதும் தையலும் எல்லாப் பெண்களும் ஆசைப்பட்டுத் தேர்ந்தெடுக்கும் தொழில்கள் அல்ல என்பது உண்மையே. அவர்கள் முன் வைக்கப்பட்ட பட்டியல் குறுகியது. ஆனாலும் பட்டியல் என்ற ஒன்றே முதன்முறையாக அவர்களுக்குக் கிடைத்தது.

அதே 2003-ல்தான், பெஸவாடா வில்சன் முன்னின்று வழிநடத்தும் 'சஃபாய் கர்மசாரி ஆந்தோலன்' அமைப்பு உச்ச நீதிமன்றத்தை நாடியது. கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில் இதே தொழிலைச் செய்த குடும்பத்தில் பிறந்தவர் வில்சன். ஓர் ஊரில் ஒரு மையம் போதாது, அரசு தன் சட்டத்தைத் தானே நிறைவேற்ற வேண்டும் என்பது வழக்கின் சாரம். ஏனெனில் மலம் அள்ளத் தடை விதிக்கும் சட்டம் 1993-லேயே இயற்றப்பட்டுவிட்டது. மறுவாழ்வையும் உள்ளடக்கிய புதிய சட்டம் 2013-ல் வந்தது. வழக்கில் தீர்ப்பு 2014 மார்ச்சில்தான் வந்தது.

சாதி என்பது வெறும் வேலைப் பிரிவினை அல்ல, உழைப்பாளரையே பிரித்து வைப்பது என்று அம்பேத்கர் 1936-ல் வாதிட்டார். லாகூர் மாநாட்டுக்காகத் தயாரித்து, ஆற்ற முடியாமற்போன அந்த உரையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்றுண்டு. மனமும் ஈடுபாடும் இல்லாத தொழிலில் ஆட்களைக் கட்டிவைத்தால் வெறுப்பும் தட்டிக்கழிக்கும் மனப்பான்மையுமே வளரும், திறமை வளராது என்றார். தொழில் மாற அனுமதி மறுப்பதால் வேலையின்மையும் பெருகும் என்றும் சுட்டிக்காட்டினார். செய்யும் வேலை பிடித்திருக்க வேண்டும் என்பதை அவர் சொகுசாகப் பார்க்கவில்லை. பொருளாதாரப் பிரச்சினையாகவே பார்த்தார்.

அரசின் கணக்கு என்ன சொல்கிறது? 2013, 2018 ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் கையால் மலம் அள்ளுவோர் என 58,098 பேர் அடையாளம் காணப்பட்டனர். இவர்களுக்கு ஒருமுறை மட்டும் தலா ரூ.40,000 வழங்கப்பட்டது. ஆனால் குடும்பத்தினரையும் சேர்த்தாலும், 2022 வரை தொழிற்பயிற்சி பெற்றோர் இந்த எண்ணிக்கையில் பாதியைக்கூட எட்டவில்லை. சுயதொழிலுக்கு மூலதன மானியம் பெற்றோர் 2,500-க்கும் குறைவு. நாடாளுமன்றத்தில் அரசே அளித்த விவரங்கள் இவை. ரூ.40,000 பழைய கடனை அடைக்கவும் சில மாத அரிசி பருப்புக்கும் உதவும். புதிய தொழில் ஒன்றில் காலூன்ற உதவாது.

2023-24-ல் பழைய திட்டத்தின் இடத்தில் 'நமஸ்தே' திட்டம் கொண்டுவரப்பட்டது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி ஆகியவற்றில் மனிதர் இறங்குவதை நிறுத்தி இயந்திரங்களைக் கொண்டுவருவது இதன் நோக்கம். உயிர்களைக் காக்கும் நோக்கம் என்பதால் வரவேற்கத்தக்கதே. சாக்கடை மரணங்களுக்கான இழப்பீட்டை ரூ.10 லட்சத்திலிருந்து ரூ.30 லட்சமாக உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் உயர்த்த வேண்டிய நிலைமைதான் நாட்டில் இருந்தது. எனினும் இத்திட்டம் முதன்மையாக முன்வைப்பது, தொழிலாளர்களையே துப்புரவு இயந்திரங்களின் உரிமையாளர்களாக்கும் வழியை. கருவி மாறுகிறது, தொழில் மாறவில்லை. தந்தை இறங்கிய தொட்டியருகே மகன் இயந்திரத்தோடு நிற்க விரும்பாமல் மின்பணியாளராகவோ ஆசிரியராகவோ ஆக விரும்பினால், கற்று முடிக்கும் வரை அவன் குடும்பத்துக்கு மாதந்தோறும் சோறு போடுவது யார்? அல்வரில் ஒரு தொண்டு நிறுவனம் அந்தச் செலவை ஏற்றது. மத்திய அரசு தன் நிதியறிக்கையில் இதற்கெனத் தனியாக எவ்வளவு ஒதுக்கப்போகிறது என்பதைத் துப்புரவுத் தொழிலாளர் அமைப்புகள் கேட்டுக்கொண்டே இருக்கின்றன.