ஒருவர் ஊரும் ஓடம்

சிறு படகொன்றில் தனித்தமர்ந்து தூண்டிலிடுவதை மேனாட்டார் இன்று பந்தயமாகவே நடத்துகின்றனர். அப்படகின் பெயர் கயாக். ஐக்கிய அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதற்கெனப் போட்டிகள் உள. பிடித்த மீனை அளவுப் பலகையிற் கிடத்திப் படமெடுத்து, உயிரோடு நீரில் விட்டுவிடுதல் அப்போட்டிகள் பலவற்றின் விதி. நிறையன்று, நீளமே கணக்கு. பெரிய மீன்கள் ஐந்தின் நீளத்தைக் கூட்டி வென்றவரைத் துணிவர். ஒட்டுசுட்டானில் இலக்கணம் கற்பிப்பவனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் வினவலாம். வேலை உண்டு.

கயாக், வடதுருவத்தை அடுத்த குளிர்நிலங்களில் வாழும் இனுவிற்று மக்களின் ஆக்கம். மரம் அருகிய நாடாகலின், கடல் ஒதுக்கிய கட்டையாலும் திமிங்கில எலும்பாலும் சட்டம் அமைத்து, அதன்மேற் கடல்நாயின் தோலைப் போர்த்துத் தைத்தனர். ஊர்பவன் உடம்பே அளவுகோல். இடத்துக்கிடம் வழக்கம் வேறுபடினும், விரித்த கைகளின் அகலத்தில் மும்மடங்கு படகின் நீளம் என்றும், இடுப்பின் அகலத்தோடு இரு முட்டி கூட்டினால் இருக்கையின் அகலம் என்றும் ஒரு கணக்கு உண்டு. ஒருவனுக்குத் தைத்த சட்டைபோல, ஒருவனுடைய கயாக்கும் பிறனுக்குப் பொருந்தாது.

இன்றைய தூண்டிற்காரர் பெரிதும் விரும்புவது, பிளாஸ்டிக்கால் வார்த்த, மேலே அமர்ந்து செலுத்தும் வகை. அதன் தளத்தில் துளைகள் உள. ஏறிய அலைநீர் அவற்றின் வழியே தானே வடிந்துவிடும். இதனைப் படித்தபோது யான் நகைத்தேன். நம் கட்டுமரத்தின் நுட்பம் இதுவன்றோ? கட்டைகளைக் கயிற்றாற் பிணித்த அதற்கு நீர் இறைக்கும் வேலையே இல்லை. ஏறிய நீர் இடுக்குகளில் இறங்கிவிடும். ஆங்கிலமோ அச்சொல்லைக் கடன்பெற்று, ஈருடற் கலங்களுக்குச் சூட்டிவிட்டது. புணை, அம்பி, திமில், தோணி எனச் சங்கச் சான்றோர் வேறுபடுத்திய சொற்களை நம் மாணாக்கர் மனப்பாடம் செய்கின்றனர். அவற்றுள் திமில் மீன்பிடிக்கும் பரதவருடையது. அதற்காகக் கயாக்கைத் திமில் என்று மாற்றுக என யான் சொல்லேன். பொருளைத் தந்தவர் பெயரும் தந்துள்ளார், அது நிற்கட்டும்.

இதிலுள்ள இன்பம் யாது? துடுப்பால் வலிப்பதாயின் ஓசை இல்லை. நீர்மட்டத்தை ஒட்டியே இருக்கை. பெரும்படகு நுழையாத நாணலிடையும் நுழையலாம். மீன் இரையைக் கவ்வி ஓடினாற் படகும் உடன் இழுபடும். இழுத்த இழுப்பிலேயே மீன் களைக்கும். 2014இல் சுவீடன் நாட்டவர் ஒருவர் நோர்வேக் கடலில் கயாக்கில் இருந்தவாறே கிரீன்லாந்துச் சுறா ஒன்றைத் தூண்டிலிற் கொண்டார். அதன் நிறையை 560 கிலோவுக்கு மேலென மதிப்பிட்டனர். வியப்புத்தான். எனினும், காற்றையும் நீரின் நிறத்தையும் நோக்கி, ஒரு சிறுமீன் நிற்குமிடத்தைக் கணிப்பவன் திறமே எனக்குப் பெரிதாகப் படுகின்றது.

அத்திறமுடையார் எம்மூர்ப் பக்கத்தும் உளர். பேராற்று நீரைத் தேக்கும் முத்தையன்கட்டுக் குளத்தில், மாலையில் வலையிட்டு விடியலில் எடுப்போர் சிறு தோணிகளிற் செல்வர். அவர் வலையில் மிகப் படுவது, 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட ஆபிரிக்க மீனாகிய திலாப்பியா. (நாட்டு வழக்கில் அது ‘யப்பான்’!) நீருள் நிற்கும் பட்ட மரங்களில் வலை சிக்காமல் இருளில் தோணியைத் திருப்புதல் ஏட்டிற் படித்து வருவதன்று.

மேனாட்டாருக்கு அது விளையாட்டு, இவருக்கு உலைநீர். இவ்வேறுபாட்டை மறைத்துப் பேசுதல் பொய். எனினும் வேறொன்று என்னை வருத்துகின்றது. கயாக் வீரன் தன் மீனோடு நின்ற படத்தை உலகெல்லாம் காட்டுகின்றான். தந்தையோடு வலையெடுத்துவிட்டுப் பள்ளிக்கு வரும் எம் மாணவன் ஒருவனோ, தந்தை தொழில் ‘வியாபாரம்’ என்று கட்டுரையில் எழுதினான். மீன் மணக்குமென்று கைகளை மேசைக்கடியில் வைத்திருப்பான்.

நீர்நிலைச் சொற்களைப் படிப்பித்த நாளில், விராலைப் பற்றிச் சொல்லுமாறு அவனைக் கேட்டேன். தயங்கியே எழுந்தான்.

“குஞ்சுகள் சிவப்பாய்த் திரண்டு மேலே வரும், ஐயா. கீழே தாயும் தகப்பனும் காவல் நிக்கும். அப்ப தூண்டில் போட்டால் உடனே பாயும். பசியில்லை, கோவம். அப்பு அதுக்குப் போட விடமாட்டார். ரண்டையும் பிடிச்சால் குஞ்சுகளை மற்ற மீன் திண்டுபோடும்.”

வகுப்பில் அரவமில்லை. முன் வாங்கில் இருந்த முதன் மாணவன், “அந்தச் சிவப்பு எத்தனை நாளைக்கு இருக்கும்?” என்று வினவினான். இன்னொருவன் நாணலைக் கேட்டான். மணி அடித்த பின்னும் அவன் நின்றபடியே, நீரின் ஆழத்தைக் கைகளால் அளந்து காட்டி விடை சொல்லிக்கொண்டிருந்தான்.