யவனர் காசுகளில் கடல்

மீன் என்றவுடன் பாண்டியர் நினைவுக்கு வருவது தமிழ் படித்தவர்க்கு இயல்பு. கொடியிலும் முத்திரையிலும் காசிலும் கயலைப் பொறித்தவர் அவர். ஆயினும் காசில் நீர்வாழ் உயிரைப் பொறிக்கும் வழக்கம் பாண்டியர்க்கு மட்டும் உரியதன்று. சங்க நூல்கள் யவனர் என்று குறிக்கும் மேலைநாட்டாருள் ஒரு சாராராகிய கிரேக்கர், கி.மு. 6-ஆம் நூற்றாண்டு தொட்டே ஆமை, நண்டு, சூரைமீன், கணவாய் ஆகியவற்றைத் தம் காசுகளில் பொறித்து வந்தனர். கடலுக்குரிய தெய்வங்களையும் பொறித்தனர். அவர்கள் வாழ்ந்த நாடுகளின் காசுகள் சில தமிழகத்திலேயே, அதுவும் கடலைக் கண்ணாற் காண இயலாத உள்நாட்டு ஊராகிய கரூரில், ஆற்று மணலில் அகப்பட்டுள்ளன. அவை நமக்கு எதைச் சொல்கின்றன, எதைச் சொல்லவில்லை என்பதைத் தெளிவுபடுத்திக் கொள்ளுதல் தமிழாசிரியர்க்குப் பயன்படும்.

பண்டைக் கிரேக்கம் ஓர் அரசின்கீழ் அமைந்த நாடன்று. ஊர்தோறும் ஓர் ஆட்சி. ஆட்சிதோறும் ஓர் அக்கசாலை. எழுத்தறியாத மாலுமியும் மீன்காரியும் காசைக் கையில் வாங்கியவுடன் அஃது எவ்வூர்க் காசு என்று அறிதல் வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஊரும் தனக்கென ஓர் அடையாளத்தைத் தேர்ந்தது. கடலால் வாழ்ந்த ஊர்கள் கடலிலிருந்தே தேர்ந்தன.

மர்மரா என்று இன்று வழங்கும் சிறு கடலின் கரையில் சிசிக்கஸ் என்னும் ஊர் இருந்தது. கருங்கடலுக்கும் ஈஜியன் கடலுக்கும் இடையே சூரைமீன் திரள் திரளாகப் போய்வரும் வழி அது. அவ்வூரார் வெள்ளி கலந்த பொன்னால் காசு அடித்தனர். காசின் மேல் உருவம் அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும். ஒரு முறை தெய்வம், ஒரு முறை விலங்கு, ஒரு முறை வீரன். ஆனால் எவ்வுருவம் வந்தாலும் அதன் அருகில் ஒரு சூரைமீன் கிடக்கும். அந்த மீன்தான் ஊரின் கையொப்பம். சிசிலித் தீவின் அக்ரகாஸ் ஒருபுறம் கழுகையும் மறுபுறம் நண்டையும் பொறித்தது. எரித்திரியா நகரின் காசில் எட்டுக் கைகளையும் விரித்த பேய்க்கணவாயைக் காணலாம். சாங்க்ளி என்ற ஊரின் பெயருக்கு அரிவாள் என்பது பொருள். அதன் துறைமுகம் அரிவாள்போல் வளைந்திருந்தமையே காரணம். அவ்வூர்க் காசில் அரிவாள் வளைவுக்குள் ஒரு டால்பின் நீந்துகிறது. நம் பரதவர் ஓங்கில் என்று சொல்வது இவ்வுயிரையே. ஊரின் பெயர், துறையின் வடிவம், கடலின் வளம் மூன்றையும் விரல்நுனி அளவிலான வெள்ளியில் அடக்கிவிட்ட திறம் வியத்தற்குரியது.

ஏஜினாத் தீவின் ஆமைக் காசைப் பற்றி ஒரு கருத்து உண்டு. முற்காலக் காசுகளில் காணப்படுவது கடலாமை. கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் அது மாறித் தரையாமை வருகிறது. ஏத்தன்ஸ் நகரத்தார் ஏஜினாவை அடக்கியதும் அந்நூற்றாண்டிலேயே. கடலாதிக்கம் போனபின் கடலாமையும் போயிற்று என்று சிலர் உரைப்பர். கேட்க இனிய உரைதான். ஆனால் இரண்டும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன என்பதற்கு மேல் வலிய சான்று அதற்கு இல்லை.

இனித் தெய்வங்கள். கிரேக்கரின் கடல் தெய்வம் போசைடன். கையில் முச்சூலம் உடையவன். தென் இத்தாலியில் அவன் பெயரையே தாங்கிய போசைடோனியா என்ற ஊர், அவன் முச்சூலம் ஓங்கி நிற்கும் கோலத்தைத் தன் காசில் பொறித்தது. மாசிதோனிய மன்னன் தெமெத்திரியஸ் கி.மு. 306-இல் சைப்பிரஸ் தீவை அடுத்த கடற்போரில் வென்றான். பின்னர் அவன் வெளியிட்ட வெள்ளிக் காசில் ஒருபுறம் போசைடன் நிற்க, மறுபுறம் கப்பலின் முகப்பில் வெற்றித் தெய்வம் நின்று எக்காளம் ஊதுகிறாள். வென்றவன் தன் வெற்றியை ஊர் ஊராகச் சொல்லக் காசைவிடச் சிறந்த தூதுவன் அக்காலத்தில் வேறில்லை.

தாராஸ் நகரத்துக் காசு தமிழர்க்கு இன்னும் நெருக்கமானது. டால்பின் மீது ஓர் இளைஞன் அமர்ந்து செல்வது அதன் உருவம். போசைடனின் மகனாகிய தாராஸ் என்பவன் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தபோது ஒரு டால்பின் அவனைச் சுமந்து கரை சேர்த்தது என்றும், அவ்விடத்தில் எழுந்த ஊரே தாராஸ் என்றும் கதை வழங்குகிறது. கலம் உடைந்து தத்தளித்த கோவலனின் முன்னோனைக் காத்துக் கரை சேர்த்த மணிமேகலா தெய்வத்தை அறிந்தவர்க்கு இக்கதை புதிதாகத் தோன்றாது. கடலில் திரை கண்டு அஞ்சிய மக்கள் எங்கும் ஒரே வகையாகத்தான் வேண்டிக்கொண்டனர் போலும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் கடல் தெய்வம் காப்பியத்தில் இடம்பெற்றது, காசில் இடம்பெறவில்லை. நெய்தலுக்கு வருணனைத் தொல்காப்பியம் தெய்வமாக வகுத்திருந்தும், பாண்டியர் காசில் வருவது மீன்தான்; வருணன் அல்லன்.

அழகில் தலைசிறந்தது சிரக்கூசு நகரின் வெள்ளிக் காசு. நடுவே அரெத்தூசா என்னும் நீரணங்கின் முகம். சுற்றிலும் நான்கு டால்பின்கள். அவள் கடலுக்குரியவள் அல்லள். கடலோரத்தில் ஊறும் நன்னீர் ஊற்றுக்குரியவள். உப்புநீர் சூழ்ந்த இடத்தில் இனிய நீர் சுரக்கும் அதிசயத்தைத்தான் அக்காசு காட்டுகிறது என்பர். கி.மு. 5-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு அச்சு வெட்டிய கீமோன், யுவைனத்தோஸ் போன்ற கம்மியர் தம் பெயரையும் மிக நுண்ணிய எழுத்தில் பொறித்துவிட்டனர். கைவினைஞன் தன் படைப்பில் கையொப்பமிட்ட பழைய சான்றுகளுள் இதுவும் ஒன்று.

பினிசியரின் தீர் நகரக் காசில் அவர்கள் தெய்வமாகிய மெல்கார்ட் முன்பாதி குதிரையும் பின்பாதி மீனுமாகிய ஒரு விலங்கின்மேல் செல்கிறான். நம் சிற்பிகள் செதுக்கிய மகரத்தை இதனோடு ஒப்பிடலாம். இக்கற்பனை விலங்கின் பெயரைத்தான் பிற்காலத்தார் சிறு கடற்குதிரைக்கு இட்டனர். அக்கடற்குதிரை 1967-இல் சிங்கப்பூர் வெளியிட்ட 10 காசு நாணயத்திலும் வந்தது. அதே வரிசையில் 20 காசில் வாள்மீன் இருந்ததும் மூத்த வாசகர் பலர்க்கு நினைவிருக்கலாம்.

வெள்ளீய முதலை

காசில் உருவத்தைப் பொறிப்பது ஒரு முறை. காசையே உருவமாக வார்ப்பது மற்றொரு முறை. கருங்கடற் கரையிலிருந்த ஒல்பியா என்னும் கிரேக்கக் குடியேற்றத்தில் வெண்கலத்தை டால்பின் வடிவிலேயே வார்த்து வழங்கினர். விரல் நீளமும் அதிற் குறைந்தவுமான அம்மீன்கள் இன்றும் ஏராளமாகக் கிடைக்கின்றன. இதற்கு ஒப்பானது நம் பேரா மாநிலத்திலேயே இருந்தது. பேராவிலும் சிலாங்கூரிலும் முற்காலத்தில் வெள்ளீயத்தை முதலை, ஆமை, மீன் முதலிய வடிவங்களில் வார்த்தனர். பேராக் என்ற சொல்லுக்கு மலாய் மொழியில் வெள்ளி என்பது பொருளாயினும், இம்மாநிலத்தின் உண்மையான செல்வம் வெள்ளீயமே. லூமுட்டுக்கு எதிரேயுள்ள பங்கோர்த் தீவில் 1670-இல் ஒல்லாந்தர் கோட்டை கட்டியதும் அதன் பொருட்டே. ஒல்பியாவின் டால்பின் காசா, கோயிலுக்கு இட்ட காணிக்கையா என்று அறிஞர் வாதிடுவர். வெள்ளீய முதலையைப் பற்றியும் இதே வாதம் உண்டு. சந்தையில் கொடுத்து வாங்கிய பொருளை மக்கள் சடங்கிலும் வைத்திருப்பர் என்பதை ஏற்றுக்கொண்டால் வாதம் பெரும்பாலும் அடங்கிவிடும்.

கரூர் மணல்

சங்க காலப் பாண்டியர் செப்புக் காசுகளில் மீன் கோட்டுருவமாக வருகிறது. சிலவற்றில் தொட்டிக்குள் நீந்தும் ஆமைகளையும் காணலாம். ‘பெருவழுதி’ என்று தமிழ்ப் பிராமி எழுத்தில் பெயர் பொறித்த காசு 1980-களில் வெளிப்பட்டபோது அக்காசுகளின் காலத்தைப் பற்றிய ஐயம் பெரிதும் நீங்கியது. அதை அறிஞர் உலகுக்குக் காட்டியவர் ‘தினமலர்’ நாளிதழின் ஆசிரியராக விளங்கிய இரா. கிருஷ்ணமூர்த்தி ஆவார். 2021-இல் மறைந்த அவர், செய்தித்தாள் பணிக்கு இடையே பழங்காசு திரட்டுவதையும் ஆராய்வதையும் தம் வாழ்நாள் தொண்டாகக் கொண்டவர். கரூரில் அமராவதி ஆற்றில் கிடைத்த, உரோமர் அல்லாத பிறநாட்டுப் பழங்காசுகளைப் பற்றி 2000-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூலும் வெளியிட்டார். ரோட்ஸ், கிரீட், தெசலி, திரேசு ஆகிய கிரேக்கப் பகுதிகளின் காசுகளும், செலூக்கிய அரசர் காசுகளும், பினிசியர் காசுகளும் அங்குக் கிடைத்த செய்தி இதன்வழித் தெரியவந்தது.

ரோட்ஸ் தீவின் காசுக்கு உரியவை கதிரவன் முகமும் ரோஜா மலரும். செலூக்கியர்க்கு உரிய அடையாளம் நங்கூரம். அம்மரபின் முதல்வன் தொடையில் நங்கூர மறுவோடு பிறந்தான் என்று கதை கட்டினர். இத்தகைய நாடுகளின் காசுகள் கடலோர முசிறியிலோ கொற்கையிலோ கிடைத்திருந்தால் வியப்பில்லை. கரூர் உள்நாடு. சேரரின் அரசிருக்கையாகக் ‘கரூரா’ என்ற உள்நாட்டு ஊரைத் தாலமி குறித்திருக்கிறார். வஞ்சி எது என்ற பழைய வழக்கில் கரூரே வஞ்சி என்பார் தாலமியையும், அங்குக் கிடைத்த சேரர் காசுகளையும் துணைக்கு அழைப்பர். மேலைநாட்டுக் காசுகளும் அங்கே கிடந்தமை, அது பிறநாட்டார் நாடி வந்த நகரம் என்பதையேனும் உறுதிப்படுத்துகிறது.

இவ்விடத்தில் உலோகத்தைக் கவனித்தல் வேண்டும். பொன்னும் வெள்ளியும் எந்நாட்டிலும் எடைக்கு எடை மதிப்புடையவை. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் கிடைத்த 501 உரோமப் பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் மன்னன் முகத்தின் குறுக்கே உளியால் வெட்டிய வடு இருக்கிறது. வாங்கியவர்க்கு முகம் வேண்டியிருக்கவில்லை, பொன்தான் வேண்டியிருந்தது. செப்புக் காசின் நிலை வேறு. அது தன் ஊர்ச் சந்தையில் மட்டுமே செல்லும். மூட்டை மிளகுக்கு விலையாக ரோட்ஸ் நகரத்துச் சிறு செப்புக் காசை எந்தத் தமிழ் வணிகனும் ஏற்றிருக்க மாட்டான். ஆகவே கரூரில் கிடைக்கும் ஒரு கிரேக்கச் செப்புக் காசு, அதைத் தன் மடியில் முடிந்து கொண்டு வந்த ஒரு மனிதனை நமக்குக் காட்டுகிறது. பொற்குவியல் காட்டுவது வாணிகத்தை. செப்புக் காசு காட்டுவது வழிப்போக்கனை. பழைய செம்பாக எடைபோட்டு வந்திருக்கலாமே என்று வினவுவோர்க்கும் இடமுண்டு; முசிறிக்கு வந்திறங்கிய சரக்குகளுள் செம்பும் இருந்ததாகச் செங்கடற் பயண நூல் கூறுகிறது.

காலத்தைப் பற்றியும் அவசரம் கூடாது. காசு கி.மு. 2-ஆம் நூற்றாண்டினது என்பதால், அது தமிழகம் வந்ததும் அந்நூற்றாண்டில்தான் என்று சிலர் மேடைகளில் முழங்குவர். அதே பயண நூல், தன் காலமாகிய கி.பி. 1-ஆம் நூற்றாண்டில், பாரிகாசா என்னும் துறையில் மினாந்தர், அப்பல்லோதோத்தஸ் ஆகிய கிரேக்க மன்னரின் பழைய காசுகள் இன்னும் புழங்குவதாகக் குறிக்கிறது. மினாந்தர் அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முற்பட்டவன். காசின் பிறப்பு வேறு; அது கைமாறி வந்து விழுந்த நாள் வேறு. பாண்டியர் மீனைக் கிரேக்கரிடம் கற்றனர் என்பதும், கிரேக்கர் நம்மிடம் கற்றனர் என்பதும் இதே அவசரத்தின் இரு முகங்கள். மாக்கோதை என்ற சேரன் தன் தலையுருவைக் காசில் பொறித்ததில் உரோமரின் சாயல் உண்டென்று கொள்ளலாம். கொற்கைத் துறையில் முத்துக் குளித்தவர்க்கு மீனை வரையக் கற்பிக்க எவரும் கடல் கடந்து வர வேண்டியதில்லை.

திரட்டுவோர் கவனத்திற்கு

ஆற்று மணலில் எடுத்த காசைப் பழைய பாத்திரக் கடையில் எடைக்குப் போட்டு உருக்கிய காலம் உண்டு. அதனின்று காத்தவர்கள் திரட்டாளர்களே. ஆயினும் திரட்டாளர் கைக்கு வருமுன் காசு பல கை மாறிவிடுகிறது. எந்தக் கரையில், எந்த ஆழத்தில், எவற்றோடு கிடைத்தது என்ற செய்தி வழியிலேயே உதிர்ந்துபோகிறது. அகழாய்வில் கிடைத்த ஒரு தேய்ந்த காசுக்கு அறிஞர் அதிக மதிப்புத் தருவது இதனால்தான்.

போலிகளும் பல. 1772 முதல் 1830 வரை வாழ்ந்த பெக்கர் என்ற செர்மானியர் கிரேக்கக் காசுகளுக்குப் புதிய அச்சு வெட்டி அடித்து, இரும்புத் துருவலோடு ஒரு பெட்டியில் இட்டுத் தம் வண்டியின் அடியில் கட்டி ஊர்வலம் விடுவாராம். சில கல் தொலைவு குலுங்கியதும் காசுக்கு 2,000 ஆண்டு மூப்பு வந்துவிடும். அவர் வண்டி நின்றுவிட்டது, தொழில் நிற்கவில்லை. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த காசுகளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்லுதல் குற்றம். ஆகவே கரூர்க் காசு என்று சொல்லி மலேசியாவில் எவரேனும் விற்க முன்வந்தால், அது போலியாக இருக்கும். அல்லது வரக்கூடாத வழியில் வந்ததாக இருக்கும்.

பள்ளியில் மாணவர்க்குக் காட்ட உண்மைக் காசு தேவையில்லை. அருங்காட்சியகங்கள் வெளியிட்ட படங்களைப் பெரிதாக்கி ஒட்டினாலே போதும். தாத்தா பாட்டியின் பெட்டியில் கிடந்த பழைய காசை மாணவன் கொண்டுவந்தால், அதன்மேல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து உருவத்தை எடுக்கலாம். புளி போட்டு விளக்கக் கூடாது. செம்பின்மேல் படிந்த பச்சை நிறமே அதன் காப்பு, அது போனால் எழுத்தும் உடன் போகும். உலோகம், எடை, இரு பக்க உருவம், யாரிடமிருந்து எந்த ஊரில் வந்தது ஆகியவற்றை ஒரு சிறு உறையின்மேல் அன்றே எழுதி, காசை அதனுள் இட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.