எழுவான்கரையிலிருந்து ஒரு வெந்நீரூற்றைக் காண்டல்

மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும் மேற்கரையைப் படுவான்கரை என்றும் நம் முன்னோர் வழங்கினர். ஞாயிற்றைக் கொண்டு நிலத்துக்குப் பெயரிட்டவர்களின் வழிவந்த நமக்கு, ஞாயிறு எல்லா ஊர்க்கும் ஒருங்கே எழுவதில்லை என்பதை விரித்துரைத்தல் வேண்டா.

பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். கொழும்புக்கு ஏறத்தாழ 2 பாகை கிழக்கே உள்ள நமக்கு ஞாயிறு 7 நிமிடம் முந்தியே உச்சியடைகின்றது. ஆயினும் ஊருக்கொரு மணிக்கூடு வைத்தல் இயலாதாகலின், 1906 இல் இலங்கை முழுவதும் கிறீனிச் நேரத்துக்கு 5½ மணி முந்திய நேரத்தைக் கைக்கொண்டது. அதுவும் அசையாது நின்றதன்று. 1996 மே மாதத்தில் மின்சாரத் தட்டுப்பாட்டினால் அரசாங்கம் மணிக்கூட்டை ஒரு மணி முன்தள்ளிற்று; ஒக்டோபரில் அரைமணி பின்வாங்கிற்று; 2006 ஏப்ரலிலேதான் பழைய நேரம் மீண்டது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் அவ்வாண்டுகளிலும் பழைய நேரமே வழங்கிற்று. ஒரு தீவினுள்ளே இரு நேரம்!

இனி, அமெரிக்காவின் யெலோஸ்ரோன் பூங்காவுக்குச் செல்வோம். அங்கே ஏறத்தாழ ஒன்றரை மணிக்கொருமுறை பொங்கும் 'ஓல்ட் பெயித்புல்' என்னும் வெந்நீரூற்றை நிலையான ஒளிப்படக்கருவி வழியாக இங்கிருந்தே காணலாம். மார்கழி மாதத்துக் காலை 8 மணிக்குத் திறக்கும் மாணவன் கரிய திரையையே காண்பான். கருவியில் பழுதில்லை, அங்கே முதல்நாள் இரவு 7.30. ஆனி மாதத்தில் அதே வேளையில் திறப்பானாயின் அங்கு இரவு 8.30 ஆயினும் வெளிச்சம் இருக்கும்; வடபுலத்துக் கோடைப்பகல் அத்துணை நீண்டது.

கணக்கு எளிது. மார்ச் இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் முதல் ஞாயிறு வரை அவர்கள் மணிக்கூட்டை ஒரு மணி முன்வைப்பர். அக்காலத்தில் நம் நேரத்தோடு அரைமணி கூட்டிக் காலையை மாலையாகவும் மாலையைக் காலையாகவும் மாற்றுக. ஏனைய மாதங்களில் அரைமணி கழித்து அவ்வாறே மாற்றுக. நம் மாலை 6 மணி, கோடையில் அவர்க்கு அதே நாட் காலை 6.30, குளிர்காலத்தில் 5.30. பொங்கும் நேரத்தைப் பூங்காவினர் தம்மூர் நேரத்திலேயே அறிவிப்பராதலின் இக்கணக்கின்றிக் காத்திருத்தல் வீணாகும்.

நாள் மாறுவதே பெரிதும் இடர்ப்படுத்துவது. ரொறொன்ரோவிலுள்ள பழைய மாணவர்க்கு 'ஞாயிறு காலை 6 மணிக்குக் கூட்டம்' என்று நாம் எழுதினால், அவர்க்கு அது கோடையில் சனி இரவு 8.30, குளிர்காலத்தில் 7.30. ஞாயிறு காலை எழுந்து கணினியின் முன் அமர்பவர், கலைந்து போன கூட்டத்தையே காண்பார்.