மூன்று நாளில் ஒரு சமஸ்தானம்

கைக்கெட்டும் பயணங்கள் – 9

நகரம், நாட்டுப்புறம், கடற்கரை என ஒரு நாட்டின் மூன்று முகங்களையும் மூன்று நாளில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை எழுந்தால், நம்மில் பலர் இலங்கைக்கோ கேரளத்துக்கோ டிக்கெட் தேடுகிறோம். திருச்சியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் அப்படி ஒரு நாடு இருக்கிறது. 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணையும் வரை புதுக்கோட்டை தனி நாடுதான். தொண்டைமான்கள் ஆண்டார்கள், திவான் நிர்வாகம் பார்த்தார், தனிக் காசு புழங்கியது. சுமார் 3,000 சதுர கிலோமீட்டர் பரப்பு, சுற்றிலும் வெள்ளைக்காரன் சீமை.

அந்த நாட்டுக்கு இல்லாத ஒன்று கடல். 1974 ஜனவரி 14 அன்று புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்த அறந்தாங்கிப் பகுதி இதோடு சேர்ந்தது. கூடவே சுமார் 40 கிலோமீட்டர் கடற்கரையும் வந்தது.

சுற்றுலாக் கையேடுகள் இந்த மாவட்டத்துக்குத் தரும் பட்டியல் நீளமானது. சித்தன்னவாசல், குடுமியான்மலை, கொடும்பாளூர், விராலிமலை, திருமயம், ஆவுடையார்கோயில் என்று வரிசை போகும். காரில் ஏறி இரண்டே நாளில் அத்தனையையும் தொட்டுவிட்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். எந்தச் சிற்பம் எந்த ஊர் என்று அவர்களுக்கே குழப்பம். இடங்களை எண்ணித் திட்டம் போடாமல், நிலத்தைப் பார்த்துத் திட்டம் போடுங்கள் என்பதே நான் சொல்ல விரும்புவது. இந்த மாவட்டம் மேற்கே பாறையாக எழும்பி, நடுவில் குளமும் கண்மாயுமாகத் தாழ்ந்து, கிழக்கே மணலாகிக் கடலில் முடிகிறது. சோழ நாட்டுக்கும் பாண்டிய நாட்டுக்கும் எல்லை என்று பழைய ஏடுகள் சொல்லும் வெள்ளாறு இந்தச் சரிவில்தான் ஓடி, மணமேல்குடிக்குத் தெற்கே கடலில் கலக்கிறது. ஆண்டின் பெரும்பகுதி மணல்தான் தெரியும். ஆனாலும் நமக்கு வழி காட்ட அந்த ஆறு போதும்.

முதல் நாள் பாறைக்கும் நகரத்துக்கும். திருச்சியிலிருந்து விடியும் முன்பே கிளம்பி நேரே நார்த்தாமலைக்குப் போய்விடுங்கள். மேலமலையில் விஜயாலய சோழீசுவரம் இருக்கிறது. வெளியே சதுரம், உள்ளே வட்டமான கருவறை. சோழன் பெயரைத் தாங்கி நின்றாலும், இதைக் கட்டியவர் சாத்தன் பூதி என்ற முத்தரையர் தலைவர் என்றும், மழையில் இடிந்த கோயிலை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்றும் கல்வெட்டு சொல்கிறது. எதிரே இரண்டு குடைவரைகள். அவற்றில் ஒன்றில் ஆளுயரத்துக்குப் பன்னிரண்டு திருமால் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன. ஏறும் வழி முழுக்க மொட்டைப் பாறை, ஒதுங்க ஒரு மர நிழல் கிடையாது. ஒன்பது மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். பெரியவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் இதை மறக்க வேண்டாம்.

வெயில் ஏறிய பிறகு சித்தன்னவாசலுக்குப் போகலாம். அறிவர் கோயில் குடைவரை என்பதால் உள்ளே குளிர்ச்சி இருக்கும். பலரும் தூணிலுள்ள ஆடல் மகளிரைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் தலையை நிமிர்த்தி விதானத்தைப் பாருங்கள். அங்கே ஒரு தாமரைக் குளம் இருக்கிறது. மொட்டும் மலரும் இலையும், நடுவே மீன், அன்னம், எருமை, யானை. இறங்கிப் பூப்பறிக்கும் மனிதர்களும் உண்டு. தீர்த்தங்கரரின் உபதேசத்தைக் கேட்கப் போகிறவர்கள் வழியில் இறங்கும் குளம் அது என்பது சமண மரபு. 9-ஆம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று கல்வெட்டு இருக்கிறது. சுதை உதிர்ந்து பாதிதான் மிஞ்சியிருக்கிறது. மிஞ்சியதை அவசரமில்லாமல் பாருங்கள். எருமை இறங்கிக் கிடக்கும் குளத்தை வரைந்தவன் இந்தப் பக்கத்து ஊரணி ஒன்றைக் கண்ணாரக் கண்டவனாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் நம்பிக்கை. கால் தெம்பிருந்தால் மலையின் மறுபக்கம் ஏழடிப்பட்டத்துக்கும் போகலாம். முனிவர்கள் படுத்த வழவழப்பான கற்படுக்கைகளும், ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள தமிழ்ப் பிராமி எழுத்தும் அங்கே இருக்கின்றன.

பகல் சாப்பாட்டுக்குப் புதுக்கோட்டை. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, அவற்றை வெட்டும் நேரான தெருக்கள் என்று நகரம் கோடு கிழித்தது போல் கிடக்கும். 1878-ல் இங்கு திவானாக வந்த சேஷையா சாஸ்திரி குளங்களைத் தூர்வாரி, அலுவலகக் கட்டடங்கள் எழுப்பி இந்த ஊரைச் சீர்செய்தார். புதுக்குளம் அவர் காலத்துக் கொடை. கடைசி மன்னர் ராஜகோபாலத் தொண்டைமானின் அரண்மனை இன்று கலெக்டர் ஆபீஸ். மனு கொடுக்க வருகிறவர்கள் அரண்மனைத் தாழ்வாரத்தில் காத்திருப்பதைப் பார்க்கையில் எனக்கு எப்போதும் மனம் நிறையும். திருக்கோகர்ணத்தில் 1910-ல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. சமஸ்தானத்தின் மிச்சங்கள் பலவும் அதற்குள். அதன் அருகிலேயே பிரகதாம்பாள் கோயில். நவராத்திரியில் மன்னர்கள் அரிசியோடு தானம் கொடுத்த சின்னஞ்சிறு செப்புக் காசில் ஒரு பக்கம் இந்த அம்மன், மறுபக்கம் தெலுங்கெழுத்தில் ‘விஜய’. அதனால்தான் மக்கள் வாயில் இவள் அரைக்காசு அம்மன். காணாமல் போன பொருள் கிடைக்க வெல்லம் வைத்து இவளை வேண்டிக்கொள்வது தமிழ்நாடு முழுக்க உள்ள வழக்கம்.

இரண்டாம் நாளை ஆலங்குடி சாலையில் வையுங்கள். இந்தப் பகுதியை எந்தக் கையேடும் சொல்வதில்லை. வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் என்று போகப் போக நிலம் செம்மண்ணாகி, வறண்ட மாவட்டம் என்ற பேச்சே மறந்துபோகும் அளவுக்குப் பலாவும் வாழையும் தென்னையும் பூந்தோட்டமும் வரும். கீரமங்கலம் பூச்சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். மல்லிகை, சம்பங்கி, கனகாம்பரம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். வெயில் ஏறிவிட்டால் சந்தை கலைந்துவிடும்.

இங்கே ஒரு மரத்தடியில் உட்கார்ந்து யாரிடமாவது கஜா புயலைப் பற்றிக் கேளுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் பக்கம் கரையேறிய அந்தக் காற்று, தாத்தா வைத்த பலா மரங்களை ஒரே இரவில் வேரோடு சாய்த்தது. தென்னை திரும்பக் காய்க்கவே ஐந்தாறு வருடம் வேண்டும்; பலாவுக்கு ஒரு தலைமுறையே வேண்டும். அதற்குப் பிறகுதான் இந்த ஊர்களின் இளைஞர்கள் கைக்காசைப் போட்டுக் குளங்களைத் தூர்வார ஆரம்பித்தார்கள். ஆழ்துளைக் கிணறு போடப்போட நிலத்தடி நீர் கீழே போய்க்கொண்டிருந்த ஊர்களில் குளத்தில் தண்ணீர் நிற்பது எவ்வளவு பெரிய சேதி என்பது, கரையில் நின்று பார்த்தால் புரியும். மார்கழி, தையில் வந்தால் அந்தக் குளங்களில் முதல் நாள் விதானத்தில் கண்ட தாமரையும் எருமையும் கண் முன்னே இருக்கும். சித்தன்னவாசலை முதல் நாளில் வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அருகே குளமங்கலத்தில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். வாசலில் வானளாவ ஒரு குதிரை நிற்கிறது. மாசி மகத்தன்று அந்தக் குதிரையின் கழுத்தில் ஆயிரக்கணக்கான காகிதப்பூ மாலைகள் விழும். அந்த நாளில் போக வாய்த்தால் வேறு எதையும் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை.

சாலையிலும் ஒரு வரலாறு இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தபோது, அறிவொளி இயக்கம் இந்த மாவட்டத்துப் பெண்களுக்கு எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. குவாரியில் கல்லுடைத்தவர்களும் வயல் வேலைக்குப் போனவர்களும் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை எழுதி உலகறியச் செய்தார். இன்று ஆலங்குடி சாலையில் பூக்கூடையை வைத்துக்கொண்டு ஸ்கூட்டியில் உங்களை முந்திச் செல்லும் பெண்ணின் அம்மா அன்று சைக்கிள் பழகியவராக இருக்கலாம்.

இரவுத் தங்கலுக்கு அறந்தாங்கி. கடற்கரையில் நல்ல விடுதி எதிர்பார்க்க வேண்டாம்.

மூன்றாம் நாள் விடியும்போது கோட்டைப்பட்டினத்திலோ ஜெகதாப்பட்டினத்திலோ இருக்க வேண்டும். இங்கே நாள் கணக்கு முக்கியம். இந்தத் துறைகளின் விசைப்படகுகள் பொதுவாகத் திங்கள், புதன், சனியில் கடலுக்குப் போகும். திரும்புவது மறுநாள் காலை. ஆகவே செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில்தான் கரையில் ஏலம் களைகட்டும். அருங்காட்சியகத்துக்கோ வெள்ளிக்கிழமை விடுமுறை. ஞாயிற்றுக்கிழமையோ செவ்வாய்க்கிழமையோ பயணத்தைத் தொடங்கினால் இரண்டும் அமையும். வாரக் கடைசிதான் முடியும் என்பவர்கள் வெள்ளியன்று தொடங்கி, அருங்காட்சியகத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பூச்சந்தை கைநழுவும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையிலேயே கிடக்கும். அந்த மாதங்களில் பாறையும் காயும். எனவே டிசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரைதான் சரியான காலம்.

அலையடிக்கும் கடலை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். பாக் நீரிணை ஆழமில்லாதது, சேறு படிந்தது, பெரும்பாலும் அமைதியானது. அந்த அமைதியில்தான் கடற்புற்கள் வளர்கின்றன. அவற்றை மேய ஆவுளியா என்று மீனவர்கள் சொல்லும் கடல்பசு வருகிறது. தஞ்சை, புதுக்கோட்டை கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022 செப்டம்பரில் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. நாட்டிலேயே இது முதலாவது. மீமிசலைத் தாண்டி முத்துக்குடாவில் அலையாத்திக் காட்டையும் பார்க்கலாம்.

ஏலத்தில் நண்டும் கணவாயும் இறாலும் கைமாறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கையில், கரையிலுள்ளவர்களின் பேச்சையும் கேளுங்கள். எந்தப் படகு திரும்பவில்லை, எந்தப் படகு இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை யாழ்ப்பாணச் சிறையில் என்று பேச்சு அதையே சுற்றும். இந்த மாவட்டத்துக்குக் கடல் வந்த அதே 1974-இன் ஜூன் மாதத்தில்தான், எதிரே உள்ள நீரில் இந்தியாவும் இலங்கையும் எல்லைக் கோடு போட்டன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போனது. கோட்டுக்கு அப்பால் இழுவை மடியால் வளம் இழந்து நிற்பவர்களும் தமிழ் மீனவர்களே. இரு கரைக்கும் நியாயம் இருக்கிறது, இரு கரையிலும் கண்ணீர் இருக்கிறது. கேட்காமல் யாரையும் படமெடுக்காதீர்கள்.

பத்து மணிக்குள் ஆவுடையார்கோயில் வந்து சேர்ந்தால் நடை சாத்தும் முன் நிதானமாகப் பார்க்கலாம். மாணிக்கவாசகரின் திருப்பெருந்துறை இது. கருவறையில் லிங்கத் திருமேனி இல்லை, நந்தி இல்லை, கொடிமரமும் இல்லை. ஆவி பறக்கும் சோற்றைப் படையல் கல்லில் கொட்டுகிறார்கள். அந்த ஆவியே நிவேதனம். மேலே கொடுங்கையைப் பாருங்கள். கல்லை மரச்சட்டம் போல் இழைத்து, கம்பியும் ஆணியும் வைத்தது போலவே செதுக்கியிருக்கிறார்கள்.

குடுமியான்மலையையும் கொடும்பாளூரையும் விராலிமலையையும் நான் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். அவை மூன்றும் சேர்ந்து தனியாக ஒரு நாள். திருமயம் கோட்டையைக் காரைக்குடி போகும் நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாள்தான் விடுப்பு என்றால் நார்த்தாமலையை விடலாம், மனம் கேட்காவிட்டாலும் அரண்மனையையும் விடலாம். பெரும்பாலானவர்கள் முதலில் வெட்டுவது கீரமங்கலத்தையும் கோட்டைப்பட்டினத்தையும்தான். அந்த இரண்டை மட்டும் வெட்டாதீர்கள். கோயில்கள் அடுத்த முறையும் அங்கேயே இருக்கும். பலாத்தோப்பும் படகுத்துறையும் இதே நிலையில் எத்தனை காலம் இருக்கும் என்று அங்கே வாழ்கிறவர்களாலேயே சொல்ல முடியவில்லை.